சாயம் போகாத கட்டம்

எங்கள் ஆட்டையாம்பட்டியில் சிவப்பாக மூத்திரம் போவதை யாரும் வியாதியாகக் கருதியதில்லை. அது ஒரு உத்தியோகம்.

சாயப்பட்டறையில் சிவப்பு முக்குகிறவனுக்குச் சிவப்பாகப் போகும். மஞ்சள் முக்குகிறவனுக்கு மஞ்சளாகப் போகும். அது எல்லோருக்கும் அப்படித்தான் என்பதால் மஞ்சள்காரனுக்கு மட்டும் பெருமை கிடையாது. "சாயம் எறங்குது" என்பார்கள். பட்டறைக்குப் பின்னால் கிளுவை வேலி ஓரமாக ஒரு நடை போய் வந்தால், அந்த வாரம் எந்த வியாபாரிக்குச் சரக்குப் போகிறது என்று சொல்லிவிடலாம். நான் சேலத்தில் இண்டர்மீடியட் படித்துக்கொண்டிருந்தேன். லாஜிக் ஒரு பாடம். சிவப்பு முக்குகிறவர்களுக்கெல்லாம் சிவப்பாகப் போகும். என் மாமா சிவப்பு முக்குகிறவர். ஆகவே என் மாமாவுக்குச் சிவப்பாகப் போகும். எங்கள் பேராசிரியர் இதில் ஒரு பிழையும் கண்டிருக்க மாட்டார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி, சென்னிமலை. பட்டறை அவருடையது. கையெல்லாம் முழங்கை வரைக்கும் சிவப்பு. சாப்பிடும்போது பார்த்தால் யாரையோ வெட்டிவிட்டு வந்து சாவகாசமாகச் சோறு பிசைகிற மாதிரி இருக்கும். ஜெர்மனியிலிருந்து தகர டப்பாவில் வரும் பொடியை அவர் கலக்கினால் அந்தச் சிவப்பு சேலை கிழிந்தாலும் மங்காது என்று பேர். புதிதாக வருகிற வியாபாரி சந்தேகப்பட்டால் மாமா வாக்குவாதம் பண்ண மாட்டார். முக்கி எடுத்த நூல்சிட்டத்தை மூன்று தரம் அலசுவார். மூன்றாவது அலசலில் தண்ணீர் தெளிந்துவிட வேண்டும். அந்தத் தண்ணீரை ஒரு கை அள்ளி, வியாபாரியின் கண்ணெதிரே மடக்கென்று குடித்துவிட்டு, "பாத்துக்குங்க, தண்ணி தண்ணியாத்தான் இருக்குது" என்பார். வியாபாரி அசந்துபோவார். இப்படி இருபது வருஷம் வியாபாரிகளை அசத்தினார்.

சேலம் ஜில்லாவில் கள்ளுக்கடைகளை இழுத்துச் சாத்திய மறு வருஷம் அது. ஊரே தெளிவாக இருந்தது. அதனால் ஒருவர் விஷயத்தில் ஒருவர் மூக்கை நுழைக்க நேரம் கிடைத்தது. ஈரோட்டு வியாபாரி ஒருவர் பச்சைக் கரை போட்ட சேலை மட்டும்தான் வேண்டும் என்று பெரிய ஆர்டர் கொடுத்தார். பட்டறையில் எல்லாத் தொட்டியிலும் பச்சை. சிவப்பு டப்பாவைத் திறக்கவே இல்லை. அப்போதுதான் வேலி ஓரத்தில் மாதையன் அதைக் கவனித்தான். மாதையன் மாமாவிடம் சிட்டம் பிழிகிற ஆள். வாய் மட்டும் யாரிடமும் கூலிக்கு இல்லை.

"ஏனுங்கண்ணா, எங்களுக்கெல்லாம் பச்சை. உங்களுக்கு மட்டும் தனி ஆர்டர் வந்துருக்குதுங்களா?"

"பழைய சரக்குடா. உள்ள தங்குனது இப்பத்தான் எறங்குது."

"இத்தனை நாளாவா? ஏனுங்கண்ணா, உள்ள கிடங்கு கட்டி வெச்சிருக்கறீங்களா?"

பட்டறையே சிரித்தது. மாமாவும் சிரித்தார். கொஞ்ச நாளைக்கு "கிடங்குக்காரர்" என்று பட்டப்பெயர் ஓடியது. அவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

சிரிப்பை நிறுத்தியது முத்தாயி அத்தை. முத்தாயம்மாள் என்பது முழுப்பெயர், மாமாவின் சம்சாரம். பிள்ளை குட்டி கிடையாது. அதனால் புருஷனைத் திட்டுவதற்கு அவளுக்கு முழு நேரமும் இருந்தது. ஒரு சனிக்கிழமை நான் ஊருக்குப் போயிருந்தபோது அத்தை கிணற்றடியில் வேட்டி துவைத்துக்கொண்டிருந்தாள். திடீரென்று துவைப்பதை நிறுத்திவிட்டு, வேட்டியை வெயிலுக்கு நேரே விரித்துப் பிடித்தாள்.

"ஏனுங்க, இங்க வாங்க."

மாமா வந்தார்.

"இதுல செவப்பா ஒட்டியிருந்துச்சு. துவைச்சேன். போயிருச்சு."

"போனா நல்லதுதானே. அதுக்கு ஏன் கூப்பாடு?"

"உங்க சாயம்னா போவாதுங்களே."

மாமா வேட்டியை வாங்கிப் பார்த்தார். வெள்ளை வெளேரென்று இருந்தது. அவர் முகமும் மெல்ல அந்த நிறத்துக்கு வந்தது. இருபது வருஷத் தொழில். தன் சிவப்பு சாதாரணத் தண்ணீருக்குப் போகாது என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? "அப்ப இது என்ரதில்ல" என்றார். அவருடையதுதான். ஆனால் சாயம் இல்லை.

சேலத்து டாக்டர் பார்த்துவிட்டு, எவ்வளவு நாளாக இப்படி என்று கேட்டார். ஒன்றரை வருஷம் இருக்கும் என்றார் மாமா. டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்பதால் என்னையும் கூட அனுப்பினார்கள். இண்டர்மீடியட் இங்கிலீஷில் எனக்கு ஒரு சூரியோதயத்தை வர்ணிக்கத் தெரியும். மூத்திரப்பையைப் பற்றி ஒரு வார்த்தையும் தெரியாது. நல்ல வேளையாகப் பட்டணத்து டாக்டர் தமிழர். குழாய் விட்டு உள்ளே பார்த்துவிட்டு வந்து, எங்களை உட்காரச் சொன்னார். நிற்கிறவர்களிடம் சொல்லக்கூடிய விஷயம் இல்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது.

"பைக்குள்ள புத்து இருக்கு. மேலாக இருந்தா சுரண்டி எடுத்துடலாம். இது சுவத்துக்குள்ள வேர் விட்டிருக்கு. வெட்டி எடுத்தா ஆள் மேசையிலேயே போயிடுவார். கரண்டு வச்சுப் பார்க்கலாம். சில பேருக்குச் சுருங்கியிருக்கு."

"சுருங்கினா பொழைச்சுக்குவாருங்களா?" என்றாள் அத்தை.

"சுருங்கினா," என்றார் டாக்டர். அவ்வளவுதான் சொன்னார். அத்தை அந்த ஒரு சொல்லை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மேட்டூர்க் கரண்டு அப்போதுதான் சேலத்துக்கு வந்திருந்தது. ஆட்டையாம்பட்டிக்கு இன்னும் கம்பமே நடவில்லை. எங்கள் ஊரில் முதன்முதலாகக் கரண்டு வந்து சேர்ந்த இடம் மாமாவின் அடிவயிறு.

அந்த அறைக் கதவில் ஈயத் தகடு அடித்திருந்தது. நடுவில் ஒரு மேசை, மேலே ஒரு பெரிய குழாய். முதல் நாள் டாக்டர் மாமாவைப் படுக்க வைத்து, எக்ஸ்ரே படத்தைப் பார்த்து, அளந்து அளந்து அடிவயிற்றில் ஊதா மையால் ஒரு கட்டம் போட்டார். தொப்புளுக்கு வெகு கீழே, வேட்டிக் கட்டை ஒட்டி, ஒரு பக்கமாகச் சாய்ந்த கட்டம். இந்தக் கட்டத்துக்கு நேராகத்தான் குழாயை இறக்குவார்கள். இறக்கிவிட்டு எல்லோரும் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். உள்ளே ஒரு உறுமல் கேட்கும்.

முதல் தடவை வெளியே வந்ததும் மாமா என்னிடம் கேட்டார்: "ஏன் மாப்ளே, மருந்து நல்லதுதான்னா எதுக்கு எல்லாரும் என்னை உட்டுட்டு ஓடறாங்க?"

"அவுங்களுக்கு வியாதி இல்லீங்களே மாமா."

"ஓ" என்றார். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "அந்த டாக்டர் எவ்வளவு படிச்சவரு. ஒரு கோடு நேராப் போட வரல பாரு" என்றார்.

பாதி முடிந்தபோது தோல் வெந்து சிவந்துவிட்டது. மாமாவின் சிவப்பில்லாத வேறு ஒரு சிவப்பு. மூன்று வாரம் ஊருக்குப் போய் ஆற்றிக்கொண்டு வரச் சொன்னார் டாக்டர். ரத்தம் கொஞ்சம் குறைந்திருந்தது. அத்தை அதை என்னிடம் இரண்டு தரம் சொன்னாள். மூன்றாவது தரம் ரயிலில் எதிரே இருந்த அம்மாளிடம் சொன்னாள். கிளம்பும்போது டாக்டர் மாமாவின் வயிற்றைக் காட்டிச் சொன்ன வார்த்தை இது:

"இந்த அடையாளத்தை மட்டும் பத்திரமாகக் காப்பாத்திக்கிட்டு வாங்க. மத்ததை நாங்க பார்த்துக்கறோம்."

அடையாளம் என்றால் என்ன என்று ஒரு சாயக்காரருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பட்டறைக்குப் பத்து வியாபாரிகளின் நூல் வரும். எல்லாம் ஒரே வெள்ளை. யாருடையது எது என்று தெரிய ஒவ்வொரு கட்டிலும் ஒரு அடையாளம் இருக்கும்: ஒருவருக்கு இரண்டு முடிச்சு, ஒருவருக்குக் கறுப்பு நூல், ஒருவருக்கு மையில் ஒரு கட்டம். அது கட்டின் தலையில் இருக்கிறதா, காலில் இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. தொலையாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். உரசுகிற இடத்தில் அடையாளம் இருந்தால் நல்ல சாயக்காரர் அதைக் கொஞ்சம் தள்ளி மறுபடி போட்டு வைப்பார். வியாபாரிகள் அதற்கு நன்றி சொல்வார்கள்.

நான் சேலத்துக்குப் போய்விட்டேன். பிறகு நடந்ததை அத்தை சொல்லித்தான் தெரியும். அந்த மாதம் புழுக்கம். வேர்வையில் ஊதா மை கரைந்து ஓட ஆரம்பித்தது. கீழ்க்கோடு வேட்டிக் கட்டில் உரசி முதலில் போனது. மாமாவுக்கு அந்த மையின் மேல் அளவு கடந்த இளக்காரம். "ஒரு வேர்வைக்கு நிக்கல. இதை நம்பி ஒரு மனுசன் உசுரை உடறதா?" என்றார். தண்ணீர் வார்த்துக்கொள்வதை நிறுத்தினார். அசையாமல் படுத்துப் பார்த்தார். நாலு கோட்டில் இரண்டு மிஞ்சியது. அதுவும் ஒரு காலைப் பொழுதில் மங்கலாகிவிட்டது.

அத்தை அழத் தொடங்கினாள்.

"எதுக்கடி அழுவற? மை போனா என்ன, நான் இருக்கறேன்ல?" என்றார் மாமா. சிவப்பு டப்பாவைத் திறந்தார். காய்ச்ச வேண்டியதைக் காய்ச்சினார், ஆற வைத்தார். மூங்கில் குச்சியைக் கூராகச் சீவிக்கொண்டார். அவருக்குத் தன் அடிவயிறு சரியாகத் தெரியாது என்பதால் அத்தை முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டாள். கட்டு உரசாத இடமாகப் பார்த்து, மூன்று விரற்கடை மேலே தள்ளி, சாய்வையெல்லாம் நிமிர்த்தி, நாலு மூலையும் நறுக்குத் தெறித்தாற்போல ஒரு கட்டம் போட்டார். காய்ந்ததும் மூன்று தரம் தண்ணீர் விட்டு அலசினார். மூன்றாவது அலசல் தெளிவாக ஓடியது.

"அந்த டாக்டர் பாத்தா, எந்தக் கடையில போட்டீங்கன்னு கேப்பாரு" என்றாராம்.

என்னையும் கூட்டிக்கொண்டு திரும்பப் போனபோது அந்த டாக்டர் இல்லை. லீவில் போயிருந்தார். வேறொரு டாக்டர், இளவயது. மாமா சட்டையைத் தூக்கிக் காட்டினார். இளைய டாக்டர் அசந்துபோனார். வருகிறவர்களெல்லாம் அடையாளத்தை அழித்துக்கொண்டு வந்து நிற்பார்களாம். முதல் முறையாக ஒரு நோயாளி இவ்வளவு சுத்தமாகக் காப்பாற்றிக்கொண்டு வந்திருக்கிறாராம். நர்சைக் கூப்பிட்டுக் காட்டினார். மாமா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். அவர் தொழிலைப் பாராட்டிய கடைசி ஆள் அந்த டாக்டர்தான்.

கதவைச் சாத்தினார்கள். உறுமியது. தினமும் சாத்தினார்கள், தினமும் உறுமியது. மாமாவுக்கு வயிற்றுப்போக்கு வந்தது, வாந்தி வந்தது, சோறு கசந்தது. "உள்ள வேலை செய்யுது" என்றாள் அத்தை. ரத்தம் மறுபடி கூடியபோதும் அதையே சொன்னாள், கொஞ்சம் மெதுவாக.

பழைய டாக்டர் லீவு முடிந்து வந்த அன்று மாமாவின் வயிற்றில் இரண்டு கட்டங்கள் இருந்தன. கீழே, முதலில் வெந்த இடம் கறுத்துப்போய், சாய்ந்த கட்டமாக. மேலே, புதிதாக வெந்த இடம் சிவந்து, நேரான கட்டமாக. ஒன்றின் தலையில் இன்னொன்று பாதி ஏறி உட்கார்ந்திருந்தது. டாக்டர் பார்த்தார். படத்தை எடுத்துப் பார்த்தார். மறுபடி வயிற்றைப் பார்த்தார்.

"இந்தக் கோடு யார் போட்டது?"

"நானுங்க" என்றார் மாமா. "உங்க மை நிக்கலீங்க. இது போவாதுங்க. வேணும்னா சோப்புப் போட்டுத் தேச்சுப் பாருங்க."

டாக்டர் தேய்த்துப் பார்க்கவில்லை. இளைய டாக்டரைத் திரும்பிப் பார்த்தார். அவர் ஜன்னலுக்கு வெளியே ஒரு வேப்பமரத்தைப் பார்க்க ஆரம்பித்தார். அப்படிப் பார்க்க அதில் ஒன்றும் இல்லை.

எங்களில் முதலில் புரிந்துகொண்டவர் மாமாதான். பாதிச் சிட்டம் சிவப்பும் பாதி மஞ்சளுமாக முக்கும்போது, இரண்டாவது முக்கு ஒரு விரல் தள்ளிப்போனால் அந்த நூல் யாருக்கும் ஆகாது. மாமா தலையைத் தூக்கி, தன் வயிற்றை வெகு நேரம் பார்த்தார். சரக்கைப் பார்க்கிற பார்வை.

"ரெண்டாவது முக்கு தள்ளிப் போயிருச்சுங்களா?"

டாக்டருக்குப் பட்டறைப் பேச்சு தெரியாது. ஆனாலும் தலையை ஆட்டினார்.

"அப்ப இத்தனை நாளா வெச்சது?"

"குடல்ல விழுந்திருக்கு. புத்து மேல பாதிதான் பட்டிருக்கு, அதுவும் ஓரமா."

"மறுபடி சரியாப் போட்டு வெச்சிருங்க. நான் தாங்கிக்குவேனுங்க."

"நீங்க தாங்குவீங்க. தோல் தாங்காது. குடல் ஓட்டையாயிடும். இனி வைக்க முடியாது."

அத்தை முந்தானையின் முனையை விரலில் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "நான் கண்ணாடியைச் சாச்சுப் புடிச்சிட்டனுங்களா சாமி?" என்று டாக்டரைக் கேட்டாள். அவர் பதில் சொல்வதற்குள் மறுபடி கேட்டாள். அவர் இல்லை என்றார். சரியாக வைத்திருந்தாலும் பிழைத்திருப்பார் என்று சொல்ல முடியாது என்றும் சொன்னார். ஆறுதலுக்காகச் சொன்னார். அது எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் ஆறுதலாக இல்லை. பிழைத்திருக்கவும் கூடும் என்பதும் அதே வார்த்தைக்குள்தான் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க லாஜிக் படித்திருக்க வேண்டியதில்லை.

ஊருக்கு வந்தோம். அதன் பிறகு சொல்ல அதிகம் இல்லை. மாமா பட்டறைப் பக்கம் போகவில்லை. பட்டறைதான் அவரைப் பார்க்க வந்தது. மாதையன் தினமும் வந்து காலடியில் உட்காருவான். அவன் வாயில் ஒரு வேடிக்கையும் வரவில்லை. ஒரு நாள் மாமாவே அவனைக் கேட்டார்: "ஏண்டா, கிடங்கு காலியாவுதான்னு கேக்க மாட்டயா?" மாதையன் எழுந்து வெளியே போய்விட்டான். "இவன் எதுக்கும் ஆகமாட்டான் மாப்ளே" என்றார் மாமா.

வலி வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொள்வார். வலி விட்டால் பேசுவார். பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் அங்கேயே வந்து நிற்கும்.

"நான் அதை முத்திரைன்னுதான் நெனச்சேன் மாப்ளே. அது வெலாசம்னு அவரு ஒரு வார்த்தை சொல்லியிருக்கோணுமில்ல? வெலாசத்தை எவனாச்சும் மாத்தி எழுதுவானா?"

"மாட்டாங்க மாமா."

"நோவு கோணலா இருந்திருக்குது. அதனாலதான் அவரு கோணலாப் போட்டிருக்காரு. நான் என்னடான்னா நிமித்திப்புட்டேன்." பிறகு, "நல்லாத்தான் போட்டேன்" என்றார். நல்லாத்தான் போட்டிருந்தார்.

பரீட்சைக்கு முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை ஆள் வந்து சொன்னான். நான் போய்ச் சேர்ந்தபோது வாசலில் பலகை போட்டு மாமாவை அதில் கிடத்தியிருந்தார்கள். ஊர்ச்சனம் சுற்றி நின்றது. மாதையன் கிணற்றிலிருந்து குடம் குடமாகக் கொண்டுவந்து வைத்தான். தலைக்கு அரப்பு வைத்து ஊற்றினார்கள், உடம்புக்கு ஊற்றினார்கள். கை அப்படியே சிவப்பு. அதை யாரும் பொருட்படுத்தவில்லை, சாயக்காரன் கை அப்படித்தான் போகும். துணியை விலக்கியபோது அடிவயிற்றில் அந்தக் கட்டம் இருந்தது. கீழே இருந்த கோணல் கட்டம் தோலோடு உரிந்து மங்கிப்போயிருந்தது. மேலே இருந்தது மட்டும் போட்ட அன்றைக்கு இருந்த மாதிரி நாலு மூலையும் துல்லியமாக இருந்தது.

அத்தை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து மண்டி போட்டாள். தேங்காய் நாரில் அரப்பைத் தோய்த்து அந்தக் கட்டத்தின் மேல் தேய்க்க ஆரம்பித்தாள்.

"அக்கா, உடுங்க. அது போவாதுங்க" என்றான் மாதையன்.

"போவோணும்டா."

"அண்ணன் போட்டதுங்க. எங்க போவும்?"

"போற எடத்துலயும் எவனாச்சும் டாக்டர் இருப்பான்டா" என்றாள் அத்தை, தேய்ப்பதை நிறுத்தாமல். "இதைப் பாத்துட்டு, சரியா இருக்குதேன்னு சொல்லி, இங்கயே கரண்டை வெச்சுருவான்."

மாதையன் ஒரு குடத்தை எடுத்து அவள் கைமேல் ஊற்றினான். தண்ணீர் பலகை வழியாக இறங்கி மண்ணில் ஓடியது. நாரை மறுபடி அரப்பில் தோய்த்துத் தேய்த்தாள். இரண்டாவது குடத்தையும் ஊற்றினான். நின்றிருந்தவர்களில் பாதிப் பேர் சாயக்காரர்கள். எல்லோருடைய கண்ணும் தன்னையறியாமல் ஓடுகிற தண்ணீரின் மேல்தான் இருந்தது.

மூன்றாவது குடம் தெளிவாக ஓடியது.